எல்லாமே புதுசு

பாலிங் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் ஈசாவுக்கு அந்தப் பெண்மேல் சந்தேகம் விழுந்தது. கையில் ரேடியோ இல்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் இருந்த வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலத்தில் இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் போலீஸ் உளவுக்காரர்கள்தான்.

“இதுல பழசு இருக்கா அண்ணே?”

“எல்லாமே புதுசும்மா. நேத்துதான் பினாங்குலேருந்து வந்துச்சு.”

“கூப்பாங் ரோட்டுல கம்யூனிஸ்டுக்காரன் எரிச்ச போலீஸ் லாரி சாமான் இங்கதான் வந்துச்சுன்னாங்களே?”

ஈசா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டால் விசாரணை இல்லாமலே உள்ளே போட்டுவிடுவார்கள்.

“பழச புதுசுன்னு விக்கிற ஆளா நானு? யாரு அனுப்புனா உங்கள? போலீசா, மாத்தா-மாத்தாவா?”

“யாரும் அனுப்பலண்ணே. என் மகன் ஜெரார்டுதான் அந்த லாரியில வயர்லெஸ் பார்த்தவன். அதோட அவனும் போயிட்டான்.” அவள் குரல் தணிந்தது. “அவன் மாட்டுற வால்வுக்கெல்லாம் அடியில சிவப்புப் பெயிண்டுல சின்னதா சிலுவை போடுவான். ஒண்ணு கிடைச்சா வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஈசா பெட்டியைப் பார்த்தார். வால்வுகள் எல்லாம் ஒன்றுபோலப் பளபளத்தன. காலையில்தான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எல்லாவற்றையும் ‘புதுசு’ ஆக்கியிருந்தார்.

மேசைக்கடியில் கிடந்த துணியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதில் சிவப்பு திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது.

“இதுதாம்மா இருக்கு.”

அவள் அதைப் பத்திரமாக மடித்தாள்.

“இதுக்கு எவ்வளவுண்ணே?”