பாதி வேகம்

அரங்கின் ஒலிபெருக்கிகளிலிருந்து குருவிகள் கத்தின.

உண்மையில் அவை குருவிகள் அல்ல. பூமியைச் சூழ்ந்த காந்தமண்டலத்தில் தாமாகவே எழும் மின்காந்த அலைகள். செயற்கைக்கோள் பிடித்தனுப்பும் அவ்வலைகளை ஒலியாக மாற்றினால் அப்படித்தான் கேட்கும்.

முன்வரிசையில் இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

ஒவ்வொரு கீச்சும் மேலேறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு சரிந்தது. அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாதா?

"முதன்முதல்ல இதைக் கேட்டப்ப எனக்கு அப்படியே மெய்சிலிர்த்துப் போச்சு" என்றார், மேடையில் நின்ற குழுத் தலைவர்.

'எங்களுக்கு' என்று வாய்தவறிக்கூட வரவில்லை.

முதலில் கேட்டவள் அவள். அலைகளைக் காதால் கேட்டு இனம்பிரிப்பதே அக்குழுவில் அவள் வேலை. இப்படியோர் அலையை இதுவரை எவரும் கண்டதில்லை என்று மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னபோது, அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அட, அது நம்ம கருவியோட இரைச்சல்மா. அதைப் போய்க் கட்டிக்கிட்டு அழுவாங்களா? விட்டுத் தொலை."

அவர் சொன்னால் சரியாயிருக்கும் என்று நம்பி விட்டுத் தொலைத்தாள்.

எரிபொருள் தீர்ந்து, அந்தச் செயற்கைக்கோளும் அண்மையில் ஊமையாகிவிட்டது. இனி அவ்வலையை மறுபடி பிடித்துக் காட்ட வழியில்லை. இத்தனை ஆண்டு உழைப்பில் அவளுக்கென்று வாய்த்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் இப்போது அவர் பெயரில் கைதட்டல் விழுந்துகொண்டிருந்தது.

தலைவணங்கி ஏற்றுக்கொண்ட அவர், அலையின் அதிர்வெண் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் என்று திரையைச் சுட்டினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்காயிரம் அல்லவா!

மறுகணமே விளங்கிற்று. மூலத் தரவைத் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. அவளுடைய கணினியில் கிடந்த ஒலிக்கோப்பை அப்படியே அள்ளிவந்து, அதையே அளந்திருக்கிறார்.

குழுவில் மற்றவர்கள் அலைகளை உள்ள வேகத்திலேயே கேட்பார்கள். அவள் மட்டும் சில காலமாக வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டாள். வேகம் பாதியானால் அதிர்வெண்ணும் பாதியாகி, ஒலி தாழ்ந்த சுருதியில் கேட்கும். ஏன் அப்படி என்று ஒருவரும் விசாரித்ததில்லை. நுணுக்கம் பார்க்கிறாள் என்று மெச்சிக்கொண்டார்கள்; தலைவர் அதைக்கூடக் கவனித்ததில்லை.

பின்வரிசையில் ஒரு முதிய இயற்பியலாளர் எழுந்தார். "ஐயா, அந்த உயரத்துல இருக்கிற காந்தப்புலத்துக்கு ரெண்டாயிரம் ஒட்டவே ஒட்டாதே! கணக்கு எங்கேயோ உதைக்குதே?"

குழுத் தலைவரின் முகம் வெளிறியது. விடைக்காக அவர் முன்வரிசையைப் பார்த்தார்.

கணவரின் அந்தப் பார்வை அவளுக்குப் புதிதன்று. வண்டிச் சாவியைக் காணாதபோதெல்லாம் வீட்டிலும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

விடை அவள் நாக்கின் நுனியில் நின்றது. சொன்னால், அந்த ஒலி யாருடையது என்பது அரங்குக்கே விளங்கிவிடும். ஏன் பாதி வேகம் என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கு விடை சொன்னால், அவள் வேலை அன்றோடு சரி.

"என்னம்மா, காது கேக்கலையா?" என்றார் அவர், ஒலிவாங்கியிலேயே. அரங்கு சிரித்தது.

துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்து கீச்சிடும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து அவர் கூவுவதும் இதே கேள்விதான். அவள் எழுந்துபோய்த் துணியை அள்ளுவாளே தவிர, ஒருநாளும் விடை சொன்னதில்லை.

இப்போது எழுந்து, ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"கேக்கலைங்க. ரொம்ப உச்சத்துல வர்ற கீச்சுச் சத்தம் எதுவுமே எனக்குக் கேக்கறதில்ல. டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. அதனாலதான் நீங்க போட்டுக்காட்டின என்னோட கோப்பு பாதி வேகத்துல ஓடுது."