கறை படாத கோட்டு

ஆராய்ச்சிக்கூடத்து ஆணிகளில் வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. ஓரத்தில் தொங்கிய சின்னக் கோட்டுக்கு ஒரே ஏக்கம்தான். தன்மேல் ஒரு கறையாவது விழ வேண்டும்.

"இது பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றினப்போ பட்டது" என்று பெரிய கோட்டு தன் ஊதாக் கறையைக் காட்டும். "உனக்கென்ன மாப்பிள்ளை, வருஷத்துக்கு ஒருநாள் போட்டோ!"

அது உண்மைதான். 'இங்கே எல்லாருக்கும் இடமுண்டு' என்று காட்டும் படத்துக்காக, அலுவலகத்துப் பெண் யாருக்காவது அதை மாட்டி முன்வரிசையில் நிறுத்துவார்கள். படம் முடிந்ததும் மறுபடி ஆணி.

அந்த வருஷம் மலைக்கிராமத்துப் பொம்மி ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அவளையும் அப்படியே நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

"கோட்டைக் கழற்றிடும்மா" என்றார் போட்டோக்காரர்.

"மற்ற கோட்டெல்லாம் எனக்கு நீளமா இருந்து தரையைக் கூட்டுது சார். இது என்கிட்டயே இருக்கட்டும்."

பொம்மி நுண்ணோக்கி முன் உட்கார்ந்து சாயப்புட்டியைத் திறந்தாள். கோட்டின் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஐயோ, பட்டுடுச்சே!" என்று ஆணியிலிருந்து கத்தியது பெரிய கோட்டு.

"பட்டுடுச்சு!" என்று சிரித்தது சின்னக் கோட்டு.

அடுத்த வருஷம் போட்டோக்காரர் முகம் சுளித்தார். "கறை தெரியுது. பின்னால போய் நில்லுங்கம்மா."

பின்வரிசையில் ஆராய்ச்சியாளர் ஒருவர் போட்டிருந்த பெரிய கோட்டு நகர்ந்து இடம் விட்டது. "வா மாப்பிள்ளை, நாமெல்லாம் இந்தப் பக்கம்தான்."