நீயே எழுதிட்டு வா

"பரிந்துரைக் கடிதம்தானே? நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் பேராசிரியர்.

முழுச் செலவும் கொடுத்து வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யவைக்கும் உதவித்தொகை. ஆனால் தன்னைத்தானே புகழ மாணவிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. 'ஒழுக்கமானவர், நேரத்துக்கு வருவார்' என்பதோடு முடித்துக்கொண்டாள்.

"அப்படியே என் தங்கச்சி பையனுக்கும் ஒண்ணு எழுதிடு."

அவன் ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்க்காதவன். மறுக்க முடியுமா? எழுதினாள்.

முடிவு வந்த அன்று பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "பயலுக்குக் கிடைச்சிடுச்சு! உனக்குத்தான் இல்லைன்னுட்டாங்க, பாவம். அவன் கடிதத்தைப் படிச்சு அசந்துட்டாங்களாம். எப்படிம்மா இவ்வளவு பொய்யை நம்புற மாதிரி எழுதினே?"

"பொய்யே இல்ல சார். அத்தனையும் நான் செஞ்சது. பேரை மட்டும்தான் மாத்தினேன்."