முயன்று பார்

ஸ்டுடியோவின் பழைய கணினி நேற்று படுத்துவிட்டது. கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. புகைப்படக்காரர் முதன்முறையாக லினக்ஸ் என்ற இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவைச் செருகுகிறார். ‘முயன்று பார்’, ‘நிறுவு’ என்று திரையில் இரண்டு பொத்தான்கள். முதலாவதை அழுத்தினால் பென் டிரைவிலிருந்தே கணினி ஓடும்; தவறி நிறுவிவிட்டால் படங்கள் அழிந்துவிடும். அவர் அம்புக்குறியை மெல்ல நகர்த்துகிறார். பின்னால் மணப்பெண் நிற்கிறாள். கல்யாணம் முடிந்த வாரமே அப்பாவைப் பறிகொடுத்தவள். “பாத்து அமுத்துங்கண்ணே.” முதல் பொத்தானை அழுத்துகிறார். திரை இருண்டுபோகிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. “போச்சா?” என்கிறாள். மெல்ல நீல வெளிச்சம் பரவி, பழக்கமில்லாத திரையொன்று விரிகிறது. தட்டுத்தடுமாறி ஒவ்வொரு கோப்புறையாகத் திறக்கிறார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். “அண்ணே, அப்பா இருக்காரா?” “இருக்காரும்மா. வாசல்ல நின்னு யாரையோ வாங்க வாங்கன்னு கூப்பிடுறார்.”