ஏழாவது நியான்

“நான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற வரைக்கும் மீனுக்கு யாருப்பா தீனி போடுவா?” என்று ராட்கா கேட்டாள்.

“நான்தாண்டி கண்ணு,” என்றார் ஓட்டகர்.

மகள் திரும்பி வரவில்லை. துக்கத்தில் அவர் தொட்டியை மறந்துபோனார். அவள் வளர்த்த நியான் மீன்கள் பட்டினியில் செத்தன.

ஒன்பது வருடம் கழித்து ஒரு சிறு தொட்டி வைத்தார். மூன்று வாரம் மீன் விடாமல் தண்ணீரைப் பழகவிட்டு, பிர்னோ நகரின் ஞாயிற்றுச் சந்தையில் இரண்டு கெளுத்தியும் ஆறு நியானும் வாங்கிவந்து அதில் விட்டார்.

“நியான் ஏழு இருக்கே! எண்ணத் தெரியாதது கடைக்காரனுக்கா, உங்களுக்கா?” என்று சிரித்தாள் மனைவி லிபுஷே.

“ஆறுதான். நானே எண்ணி வாங்கினேன்.”

ஏழாவது, வயிறு ஒட்டிப்போய் மூலையில் நின்றது. மற்றவை தீனியை மொய்த்தபோதும் அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

லிபுஷே மாலைப் பூசைக்குப் போனதும், அவர் ஒரு சிட்டிகைத் தீனியோடு விரல்களைத் தண்ணீருக்குள் விட்டார். அது வந்தது. அதன் வயிறு நிறையும்வரை அவர் கையை எடுக்கவில்லை.