சங்கொலிக்கு நீட்டிய மைக்

அமெரிக்காவில், ஓஹையோவில், மாவட்டக் கண்காட்சி மேடை. மாலை வெயில் டுவேனின் கிட்டார் கம்பிகளில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. மாட்டுக் கொட்டகை நாற்றமும் எண்ணெயில் பொரியும் மாவின் வாசனையும் ஒன்றாக வந்து தொண்டையில் இறங்குகின்றன. அறுபதைத் தாண்டிய குரல் உடைந்தாலும் அவன் விடுவதாயில்லை. ஊரின் டயர் ஃபேக்டரியைப் பற்றிய தன் பழைய பாட்டைத்தான் பாடுகிறான். பல்லவி முடிந்ததும் வாத்தியமெல்லாம் நிற்கும், அவன் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவான், ஊரே ஷிஃப்ட் சங்கு மாதிரி ஊளையிடும். காலங்காலமாக அப்படித்தான். போன மாதம் ஜெர்மனிக் கச்சேரியிலும் பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டான். அங்கே கைகட்டி நின்றவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். “நம்ம சங்கு அவனுங்களுக்கு எப்படிடா தெரியும்? விடு, ஊருக்குப் போனா கத்துவாங்க” என்று டிரம்ஸ் வாசிக்கும் வெர்ன் அன்றைக்குத் தேற்றினான். இதோ, பல்லவி முடிகிறது. டுவேன் மைக்கை நீட்டுகிறான். ராட்டினம் கிறீச்சிடுவது கேட்கிறது. கடைசி வரிசையில் ஒரு கிழட்டுக் குரல் ஊளையிட்டு, துணைக்கு ஆளில்லாமல் இருமலில் முடிகிறது. முன்வரிசையில், ஃபேக்டரி மூடிய பிறகு பிறந்த முகங்கள் அவனையே பார்க்கின்றன. “ஏம்ப்பா, அந்த ஆளு எதுக்கு மைக்க நீட்டிக்கிட்டே நிக்கிறாரு?” என்று ஒரு சிறுமி அப்பாவிடம் கேட்பது அந்த மைக்கிலேயே விழுந்து மைதானம் முழுக்க ஒலிக்கிறது. பிறகு எல்லோரும் கைதட்டுகிறார்கள், மரியாதையாக. டுவேன் திரும்பி வெர்னைப் பார்க்கிறான். “என்னடா பாக்குற?” என்கிறான் வெர்ன். “அடுத்த பாட்டப் பாடு. இதுவும் ஜெர்மனிதான்.”