பின்னோக்கி எறிந்த நண்டு

நண்டு செய்த பூசனையையும் உவந்து ஏற்ற ஈசனின் திருவடி நம்மைக் காக்க.

விலங்குகள் பந்தாடும் களத்தில் ஒரு நண்டுக்கு ஒரே பணிதான் இருந்தது. தன் அணியின் கழுதை பந்தை உதைக்க வேண்டிய வேளையில் மட்டும் அது களம் புகும், குனிந்து, பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னோக்கிக் கழுதையிடம் எறியும், உடனே வெளியேறும். "உனக்கு முன்னோக்கி ஓடவே தெரியாது" என்று சொல்லிப் பல அணிகள் அதனை விலக்கியிருந்தன.

இறுதி ஆட்டத்தன்று பயிற்சியாளரான கரடி சொன்னது: "தம்பி, இன்று எறிதல் பிசகினால் நீ ஆற்றங்கரைக்கே திரும்பிவிடலாம்."

"பிசகாவிட்டால்?"

"அப்போதும் யோசிக்க வேண்டும்."

ஆட்டம் முடியும் தறுவாயில் ஓர் உதையே மிஞ்சியது. பந்து இரு கம்பங்களுக்கிடையே சென்றால் வெற்றி. நண்டு குனிந்தது. எதிரணிக் காட்டுப்பன்றி உறுமியது: "தலையைத் தாழ்த்திவிட்டாயே! உன் ஓடு நொறுங்கப் போகிறது. பயமாயிருந்தால் பக்கவாட்டிலேயே ஓடிப் போ!"

நண்டு தலை நிமிராமல் எறிந்தது. பன்றி தன் முழு எடையோடும் அதன்மேல் விழுந்தது.

"நசுக்குங்கள் அண்ணே, நன்றாக நசுக்குங்கள்," என்றது அடியிலிருந்து நண்டு. "பந்து எப்போதோ போய்விட்டது."

கம்பங்களுக்கிடையே பந்து பறந்தது. எல்லாரும் கழுதையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினர். சேற்றிலிருந்து எழுந்த நண்டு, கரடியின் முன் போய் நின்றது.

"கழுதை அருமையாக உதைத்தது," என்றது கரடி.

"ஆம். நாளைக் காலைப் பயிற்சிக்கு நான் வருவேன். வேண்டாமென்றால் நீங்களே என்னைக் கையால் தூக்கி வெளியே விடுங்கள். கொடுக்குகள் இரண்டும் நலமாகவே இருக்கின்றன."

கரடி தன் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டது.

இதனைச் செவிமடுத்தோர் யாவரும் எலும்பு நோகாமல், நெஞ்சு தளராமல் நெடிது வாழ்க.